பிக்கப் வண்டிக்குப் புது சைலன்சர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய பி.எஸ்.4 (முந்தைய புகைக் கட்டுப்பாட்டு விதி) பிக்கப்புங்க. சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருச்சு. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப்புல செஞ்சு போடலாமுங்களா? (பொள்ளாச்சி)

போடலாம். ஆனால் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் மட்டும் மாற்றுங்கள். அதற்கு முன்னால் உள்ளதைத் தொட வேண்டாம். இப்போதுள்ள பைப்பின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து அதே அளவில் எடுங்கள். டர்போ டீசலுக்குப் பெரிய பைப் போட்டால் இழுவை கூடும் என்பது பட்டறைப் பேச்சு. இன்ஜின் கம்பெனி அமைப்பிலேயே இருக்கும்போது அதனால் சத்தம்தான் கூடும்.

கனம் 1.6 மி.மீ. (16 கேஜ்) போதும். 304 ரக எஸ்.எஸ். துருவைத் தாங்கும், ஆனால் சூட்டில் அதிகம் நீளும். 3 மீட்டர் பைப் 300 டிகிரி சூடேறினால் சுமார் 15 மி.மீ. நீளும். அந்த நீட்சிக்கு இடம் கொடுக்காமல் பைப்பைச் சேசிஸோடு சேர்த்து வெல்டு வைத்தால், பிராக்கெட் ஓரத்தில் சீக்கிரமே விரிசல் விடும். ரப்பர் ஹேங்கரில்தான் தொங்க வேண்டும். முன்னால் உள்ள பெல்லோஸையும் (மடிப்பு மடிப்பாக வளையும் குழாய்த் துண்டு) எடுத்துவிடக் கூடாது. இன்ஜின் ஆட்டத்தை வாங்கிக்கொள்வது அதுதான்.

எஸ்.எஸ். பைப்பைச் சாதா இரும்பு ஃபிளாஞ்சோடு (போல்ட் மாட்டும் தட்டு) இணைக்க 309எல் ரக வெல்டிங் ராடு கேளுங்கள். சாதா ராடில் வைத்த வெல்டு சூடேறி ஆறி ஆறி விட்டுப்போகும். வண்டியில் மாட்டியபடியே மூன்று இடத்தில் புள்ளி வெல்டு மட்டும் வைத்து, கழற்றி மேசையில் முழு வெல்டு வைப்பது நல்லது. டீசல் டேங்க் பக்கம் பொறி பறக்காது. புள்ளி வெல்டுக்கும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியாக வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டு வைக்கும் பைப்பிலேயே பக்கத்தில் மாட்டுங்கள். சேசிஸின் மறுகோடியில் மாட்டினால் கரண்ட் ஒயரிங், பேரிங் வழியாகச் சுற்றிக்கொண்டு போகும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) தண்ணி பைப் கைவசம் கெடக்குது. அதுலயே பண்ணிறலாமுங்களா? (பெருந்துறை)

வேண்டாம். வெல்டு சூட்டில் துத்தநாகம் புகையாகக் கிளம்பும். அதை இழுத்தால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும். வெல்டு வைத்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், முதலில் துருப்பிடிப்பதும் அந்த இடம்தான்.

புதுசா போட்டதுங்க. காலி வண்டியில சத்தமே இல்லை. மஞ்சள் மூட்டை ஏத்துனா மட்டும் பின்னாடி டக்கு டக்குன்னு அடிக்குது. (ஈரோடு)

காலி வண்டியில் அளந்து போட்டிருப்பார்கள். பாரம் ஏறியதும் கமான் பட்டை தட்டையாகி, சேசிஸ் ஆக்ஸிலை நோக்கி இறங்குகிறது. ஆக்ஸிலுக்கு மேலே வளைந்து போகும் பைப் அதில் அடிக்கிறது. லோடு வண்டியில் அதிகம் வரும் தப்பு இதுதான்.

ஆக்ஸில் சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் அது போய் முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். ஆக்ஸிலுக்கும் பைப்புக்கும் உள்ள இடைவெளி அதைவிட 25 மி.மீ.யாவது கூடுதலாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஆக்ஸில் மேல் ஒரு உருண்டை களிமண்ணை அப்பி, பாரத்தோடு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கிப் பாருங்கள். மிஞ்சிய களிமண்ணின் கனம்தான் உண்மையான இடைவெளி.

பின் ஆக்ஸில் பக்கம் பிரேக் ஹோஸும், பாரத்துக்கேற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பியும் இருக்கும். பைப் அவற்றைத் தொடவே கூடாது. டீசல் லைனிலிருந்து 35 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 113. ஸ்டெப்னி பாடிக்கு அடியில் தொங்கும் வண்டியானால், அதைக் கழற்றி மாட்ட வழி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரும்ப மாட்டும்போது எல்லா நட்டையும் கை இறுக்கமாக மட்டும் விட்டு, பைப்பைத் திருப்பி இடைவெளி சரிசெய்தபின், இன்ஜின் பக்கமிருந்து பின்னோக்கி முறுக்குங்கள். ஹேங்கர் ரப்பர் ஏறவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்; கிரீஸ், ஆயில் ரப்பரை ஊதவைக்கும். இணைப்புகளில் இருந்த பழைய பேக்கிங்கைத் (கேஸ்கெட்) திரும்பப் போடாதீர்கள். ஒரு முறை நன்றாகச் சூடேறி ஆறியபின் மறுபடி முறுக்கிப் பாருங்கள், கொஞ்சமாவது தளர்ந்திருக்கும்.

பி.எஸ்.6 வண்டி. ஃபில்டர் லைட் அடிக்கடி எரியுதுங்க. உள்ளே இருக்கறதை உடைச்சு எடுத்துட்டா தொந்தரவு இல்லைங்கறாங்க. (கோவை)

தொந்தரவு அதற்கப்புறம்தான் ஆரம்பம். புகையில் வரும் கரியைப் பிடிக்கும் இந்த ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு, சூட்டை அளப்பதும் உண்டு. உள்ளே ஒன்றுமில்லை என்று ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) கண்டுபிடித்து இழுவையைக் குறைத்துவிடும். அதை ஏமாற்ற சாஃப்ட்வேரிலும் கை வைக்க வேண்டிவரும். சட்டப்படி மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ(4)இல் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. புகை, சத்தத்துக்கு 190(2)இல் 10,000 ரூபாய் வரை. எஃப்.சி.யிலும் (தகுதிச் சான்று சோதனை) வண்டி தேறாமல் நிற்கும்.

லைட் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஊருக்குள் குட்டிக் குட்டி நடைகள்தான். சேர்ந்த கரியை எரிக்க ஃபில்டர் ஏறக்குறைய 600 டிகிரி சூடேற வேண்டும். காந்திபுரம் நெரிசலில் அது நடக்காது. லைட் எரிந்ததும் அவிநாசி ரோட்டிலோ பைபாஸிலோ 15, 20 நிமிடம் நிற்காமல், ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். நடுவில் இன்ஜினை அணைத்தால் எரிப்பு பாதியில் நின்றுபோகும். கம்பெனி சொன்ன, சாம்பல் குறைந்த ரக ஆயிலையே ஊற்றுங்கள். கரி எரிந்துபோகும், ஆயில் சாம்பல் எரியாது. உள்ளேயே தங்கி அடைக்கும். அப்படியும் லைட் அணையாவிட்டால் இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர்., சென்சார் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சோளத்தட்டு ஏத்தறோம். வெளிவாயை எந்தப் பக்கம் வெக்கறதுங்க? (காங்கேயம்)

விதி 112 படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ போகக் கூடாது. பின்னாலோ வலப்பக்கமோதான் போக வேண்டும். பாடி ஓரத்தைத் தாண்டி வாய் கொஞ்சம் வெளியே நிற்கட்டும். உள்ளே நின்றால் பலகையிலும் தொங்கும் தட்டிலும் சூடு அடிக்கும். மாட்டியிருந்த தகரத் தடுப்புகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். பி.எஸ்.6 வண்டியானால், ஃபில்டர் எரிப்பு நடக்கும்போது காய்ந்த புல், தட்டுப் போர் மேல் நிறுத்தவே கூடாது.

மாட்டுன அன்னைக்கே கேபினுக்குள்ள நாத்தம் வருதுங்க. (தாராபுரம்)

புதுப் பைப்பில் ஒட்டிய எண்ணெய் எரியும் வாடை முதல் அரை மணி நேரத்தில் போய்விடும். அதற்குமேலும் வந்தால் கசிவுதான். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒருவர் வெளிவாயைத் தடித்த ஈரத்துணியால் சில நொடி பாதி அடைக்க, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கட்டும். நுரை எங்கே கிளம்புகிறதோ அங்கே பேக்கிங்கை மாற்றுங்கள். யூ கிளாம்ப் பைப்பை நசுக்கியிருந்தால், எவ்வளவு முறுக்கினாலும் அடையாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் பட்டைக் கிளாம்ப் போடுங்கள்.