மார்ச்சில் வந்தவர் டிசம்பரில் ஊருக்குப் போவதென்றால்

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: மார்ச் நடுவில் கணவரோடும் ஆறு வயது மகளோடும் பாரிஸுக்குப் பக்கத்திலுள்ள சார்செல் வந்திருக்கிறீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் புதுச்சேரி நெல்லித்தோப்பு அம்மா வீட்டுக்கும் கடலூர் மாமியார் வீட்டுக்கும் போகவேண்டும். டிக்கெட்டை இப்போதே போடலாமா?

ஒரு நாள் பொறுங்கள். மூன்று பாஸ்போர்ட்டையும் மேசைமேல் விரித்து வையுங்கள். ஊருக்குப் போவதை யாரும் தடுக்கப்போவதில்லை. திரும்பி வருவதற்கான தாள் சரியாக இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும். அதைப் பாரிஸில் இறங்கிய பிறகு அல்ல, சென்னையில் போர்டிங் கார்டு தரும் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

விசா ஸ்டிக்கரில் இரண்டு இடம் முக்கியம். எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டத்தில் ‘மல்ட்’ என்று இருக்கவேண்டும். அடுத்தது, முடியும் தேதி. ஓராண்டு நீண்டகால விசாவென்றால் வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் வரி கட்டி உறுதி செய்திருக்கவேண்டும். செய்யாமல் விட்டால் விசாவில் தேதி மீதி இருந்தும் பயனில்லை. உறுதிச் சான்றை அச்செடுத்துப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள்.

மார்ச்சில் வந்தவர்களுக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. புதுப்பிக்கும் விண்ணப்பத்தை, முடியும் தேதிக்கு நான்கு மாதம் முன்பிருந்து இரண்டு மாதம் முன்பு வரைக்குள் போடவேண்டும். மார்ச் 15-இல் முடிகிறதென்றால் அந்தக் காலம் நவம்பர் 15 முதல் ஜனவரி 15 வரை. உங்கள் பயணம் அதன் நட்டநடுவில் விழுகிறது. ‘வந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று கிளம்பினால், களைத்துத் திரும்பிய கையோடு சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, விண்ணப்பப் புகைப்படத்தோடு தரும் குறியீடு என்று ஒரு வாரத்தில் தேட வேண்டியிருக்கும். நவம்பர் கடைசிக்குள் போட்டுவிடுங்கள். விசா ஜனவரியிலும் செல்லும், ஆகவே போட்டுவிட்டுப் பயணம் போவதில் தவறில்லை. தெரிந்தவர் யாராவது முதல் குடியிருப்பு கார்டுக்கு விண்ணப்பித்ததற்கான ரசீதை, அதாவது ரெசெப்பிசேயை, மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். அந்தத் தாளை மட்டும் காட்டித் திரும்பி நுழைய முடியாது.

மகளை மறந்துவிடாதீர்கள். பெற்றோருக்குக் கார்டு இருந்தால் பிள்ளைக்கும் அதுவே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அவள் விசாவின் தேதி முடிந்திருந்தாலோ ஒருமுறை நுழைவு மட்டும் என்றிருந்தாலோ, மைனர் பிள்ளைகளுக்கான டி.சி.இ.எம். அட்டை வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கக்கூடியது, அதனால் கோடையிலேயே விண்ணப்பியுங்கள். இங்கே பிறந்த இந்தியப் பாஸ்போர்ட் குழந்தைக்கும் இதேதான்.

இனி டிக்கெட். நோயல் என்னும் கிறிஸ்துமஸ் விடுமுறை பிரான்ஸ் முழுவதும் ஒரே இரண்டு வாரம், மண்டலத்துக்கு மண்டலம் மாறாது. எல்லாரும் ஒரே சனிக்கிழமை கிளம்புவதால்தான் அந்த விலை. கணவருக்கு மாதம் 2.5 நாள் விடுப்பு சேர்கிறது. செப்டம்பரில் எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் போடுங்கள். பிள்ளையை முன்கூட்டியே பள்ளியிலிருந்து கூட்டிப்போக நினைக்கவேண்டாம், 3 வயதிலிருந்தே பள்ளி கட்டாயம்.

சென்னையில் இறங்கும் நாளை 22-க்குப் பிறகு வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஓயாது. தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது 2011 டிசம்பர் 30-ஆம் தேதி. விமான நிலையத்திலிருந்து புதுச்சேரி சுமார் 150 கி.மீ. நல்ல நாளில் மூன்று, மூன்றரை மணி நேரம். மழை பலமென்றால் டிரைவரிடம் ஈ.சி.ஆரை விட்டுத் திண்டிவனம் வழியாக வரச் சொல்லுங்கள். மஞ்சள் போர்டு வண்டியாகப் பேசுங்கள். உறவுக்காரர் வாடகைக்கு அனுப்பும் வெள்ளை போர்டு வண்டியை வழியில் நிறுத்தினால் பிள்ளையோடு நீங்கள்தான் சாலையோரம் நிற்பீர்கள்.

இரண்டு வீட்டுக்கும் ஒரே இரவைப் பங்கு போடாதீர்கள். கிறிஸ்துமஸ் அம்மா வீடு, புத்தாண்டு மாமியார் வீடு, அடுத்த முறை மாற்றி. 31-ஆம் தேதி புதுச்சேரி கடற்கரைப் பக்கம் வண்டி நகராது. நீங்கள் 29-ஆம் தேதியே கடலூர் போய்விட்டால் நன்றி வழிபாட்டுக்கு நிம்மதியாகப் போகலாம். 26-ஆம் தேதி கடலூரில் விருந்து வைக்கவேண்டாம். 2004 சுனாமியில் உயிரிழந்தவர்களுக்குத் தேவனாம்பட்டினத்தில் அஞ்சலி செலுத்தும் நாள் அது. அந்தக் கரையோரம் எத்தனையோ வீடுகளில் படத்துக்கு முன் விளக்கெரியும்.

பிள்ளையின் தூக்கம் ஒரு கணக்கு. குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். புதுச்சேரி சம்பா கோயில் தேவாலயத்தில் நள்ளிரவு மணி அடிக்கும்போது அவள் உடம்புக்கு மாலை 7.30. திருப்பலி முழுக்க விழித்திருப்பாள், குடிலை விட்டு நகரமாட்டாள். மறுநாள் காலை 8 மணிக்கு எழுப்பினால் அது அவளுக்கு 3.30. அழுவாள், சாப்பிடமாட்டாள், பார்க்க வந்த பெரியம்மா ‘பிள்ளை ஒட்டவே மாட்டேங்குதே’ என்று வருத்தப்படுவார். உறவுகளை 11 மணிக்கு மேல் வரச்சொல்லி அம்மாவிடம் முன்பே பேசிவையுங்கள்.

பெட்டியில் சாக்லேட்டைத் துணிகளுக்கு நடுவே வையுங்கள். விமானத்தில் உருகாது, கார் டிக்கியில்தான் உருகும். பவர் பேங்க் கைப்பையில். ஆளுக்கு 2 லிட்டர் வரை மதுவுக்குச் சுங்கவரி இல்லை, ஆனால் அந்தப் புட்டியைப் புதுச்சேரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கடலூர் எல்லையில் ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் புதுச்சேரிப் பக்கமிருந்து வரும் வண்டிகளை மதுவுக்காகத்தான் பார்க்கிறார்கள். புது நகையும் வேண்டாம். பெண்ணுக்கு 40 கிராம், ஆணுக்கு 20 கிராம் என்ற சலுகை ஓராண்டுக்குமேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான், உங்களுக்கு இன்னும் ஓராண்டு ஆகவில்லை.

திரும்பும்போது அம்மா கட்டித் தருவதில் எதை வாங்கலாம் என்றும் சொல்லிவிடுகிறேன். இறைச்சி, நெய், பால்கோவா எதுவும் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது. கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, மாங்காய் போன்றவற்றுக்குத் தாவரநலச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசிக்கு வேண்டாம். கருவாட்டுக்குத் தடையில்லை, ஆனால் மூன்று உறை போட்டு ஒட்டுங்கள். முறுக்கை நெய் சேர்க்காமல் கடலை எண்ணெயில் சுடச் சொல்லுங்கள். கறிவேப்பிலையைப் பருப்போடு வறுத்துப் பொடியாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். குளிர் கோட்டைப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையின் மேலேயே வையுங்கள், பெட்டி வர நேரமானாலும் பிள்ளை நடுங்காது.