கணினிக் கேள்வி பதில்: காகிதத்தில் ஒரு வழி, கணினியில் வேறு வழி

கேள்வி: எங்கள் கல்லூரி விழாவில், படிப்பவருக்குப் புரியாதபடி நிரல் எழுதும் போட்டி ஒன்று வைக்கிறார்கள். அதில் சேர்ந்தால் கை கெட்டுவிடும் என்று அண்ணன் தடுக்கிறார். பழைய மொழிகளிலும் இப்படி எழுதினார்களா? சேரலாமா?
– கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: தாராளமாகச் சேர், மகளே. சி மொழியில் இதற்கென்றே ஓர் உலகப் போட்டி 1984இல் தொடங்கியது. முதல் ஆண்டில் பரிசு பெற்ற ஒரு நிரலில், நிரல் ஓடத் தொடங்கும் பகுதியான 'மெயின்' இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் வரிசைதான் இருந்தது. அந்த எண்களையே அன்றைய பிடிபி, வேக்ஸ் கணினிகள் கட்டளைகளாக எடுத்துக்கொண்டு ஓடின. 1988இல் வந்த இன்னொன்று வட்ட வடிவில் எழுதப்பட்டது. தன் வட்டத்தின் பரப்பைக் கொண்டே 'பை'யின் மதிப்பைச் சொல்லும். அதை முதன்முதலில் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. சி மொழியின் மூலைமுடுக்கெல்லாம் தெரியாமல் இப்படி எழுத முடியாது.

ஆனால் அண்ணனின் பயத்துக்கும் காரணம் உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்துக் கணக்கைச் சரிபார்க்க என்னை அழைத்தார்கள். நிரல் இருந்தது கோபால் (COBOL) என்ற பழைய வணிகக் கணக்கு மொழியில். முன்பணம் வாங்காத சில சிறு விவசாயிகளுக்கும் மாதக் கணக்கில் பணம் பிடித்தமாகியிருந்தது. நிரல் எழுதியவர் போய்விட்டார்; குறிப்பு ஒரு வரிகூட இல்லை. நிரலின் பத்திகளுக்கு ஏ1, ஏ11, ஏ111 என்று பெயர். வேறு யாரும் தொடக்கூடாது என்றே அப்படி வைத்ததாக அலுவலகத்தில் சொன்னார்கள்.

நிரலை அச்சிட்ட தொடர்தாளைத் தரையில் விரித்து மூன்று நாள் படித்தேன். மாடியில் கொழுந்து வாடும் வாசனை இறங்கிக்கொண்டே இருந்தது. ஏ11இல் ஒரே வரி: 'பிடித்தம் வேண்டாம், அடுத்த வேலைக்குப் போ'. படித்தால் எந்தத் தவறும் தெரியாது. ஆனால் நாற்பது பக்கம் தள்ளி 'ஆல்டர்' என்றொரு கட்டளை. 'இந்த இடத்துக்குப் போ' என்னும் 'கோ டு' கட்டளை எங்கே போக வேண்டும் என்பதை நிரல் ஓடும்போதே மாற்றிவிடக்கூடியது அது. முன்பணம் வாங்கியவர் கணக்கு வந்ததும் ஏ11ஐப் பிடித்தத்தின் பக்கம் திருப்பிவிடும். அவருடைய பாக்கி தீராவிட்டால், ஏ11ஐப் பழையபடி மீட்டு வைக்கும் வரிக்கு நிரல் போகவே போகாது. பட்டியலில் அவருக்கு அடுத்த பெயர் யாருடையதோ, முன்பணம் வாங்கியவரின் தொகை நினைவகத்தில் அப்படியே இருக்க, அந்த அடுத்தவர் கணக்கிலும் அதே பணம் வெட்டுப்படும். மூட்டை சுமந்து வந்து எடை போட்டவரின் பணம் அது. இன்றும் எனக்கு ஆறவில்லை.

'ஆல்டர்' வழக்கொழிய வேண்டியது என்று கோபால் மொழியின் 1985 தரவரையறை குறித்தது. 2002இல் அடியோடு நீக்கினார்கள்.

போட்டியில் புதிர் என்று சொல்லித்தான் புதிர் போடுகிறாய். படிப்பவர் விரும்பி வருகிறார். உலகப் போட்டியிலும் வென்ற நிரல்களை விளக்கக் குறிப்போடுதான் வெளியிடுகிறார்கள். உன் நிரலோடும், எந்த வரி எதை மறைக்கிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வை. அதை முதலில் அண்ணனிடம் படிக்கக் கொடு.