காவேரியை 'கவி' ஆக்காதே

தங்கை காவேரிக்கு,

என் மகள் வயதுதான் உனக்கு. நீ என்றே எழுதுகிறேன். அமெரிக்காவுக்குப் புறப்படும் நீ, இங்கே வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன வாங்குவது, அமெரிக்கர்கள் வாயில் நுழையும்படி பெயரைக் 'கவி' என்று சுருக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாடகையை உடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். கம்பளிச் சட்டையைச் சேலத்தில் வாங்காதே, இங்கே வாங்கு. பெயருக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் காவேரிதான்.

2006இல் நியூஜெர்சிக்கு வந்தபோது என் பாஸ்போர்ட்டில் அந்த ஒற்றைப் பெயர் மட்டுமே இருந்தது. விசாவில் அதைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று அச்சிட்டிருந்தார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. ஒரு மருத்துவமனையில் "எஃப்னு, எஃப்னு" என்று கூப்பிட்டார்கள். வயிற்று வலியோடு உட்கார்ந்திருந்த எனக்கு அது என்னைத்தான் என்று புரியவில்லை. என் முறை போய்விட்டது. புறப்படும் முன்பே உன் பெயரையும் அப்பா பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் பிரித்துப் பாஸ்போர்ட் வாங்கிவிடு. ஆங்கிலத்தில் கே-யில் தொடங்குவதா, சி-யில் தொடங்குவதா? பட்டச் சான்றிதழில் எப்படியோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்கட்டும். ஓர் எழுத்து மாறினாலும் அலைய விடுவார்கள்.

வந்து இறங்கிய வாரமே பெயரை வெட்டிக்கொள்ளும் நம்மவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நீளமான போலந்துப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்கிறவர்களுக்கு நம் மூன்றெழுத்து வராதா? 'கார்' என்பதில் கடைசி ஒலியை விட்டுவிட்டுத் தொடங்குங்கள் என்றேன். ஒரே வாரத்தில் என் அலுவலகம் முழுவதும் சொன்னது. பொருள் கேட்டால் நன்றாகச் சொல். கா என்றால் சோலை. சோலைகளை விரித்துக்கொண்டு போகிறவள் காவிரி என்பார்கள். கவேர முனிவரின் மகள் காவேரி என்ற கதையும் உண்டு.

நீ ஏற்காட்டுப் பெண். சேர்வராயன் குகைக் கோயிலில் மலையே சேர்வராயன், ஆறே காவேரியம்மன் என்று கும்பிடுவது உனக்குத் தெரியாததா? என் அம்மா அங்கே வேண்டிக்கொண்டு பெற்றதால் எனக்கு இந்தப் பெயர். நம் பக்கத்தில் ஆண்களுக்கும் வைப்பார்கள். ஆடிப்பெருக்கன்று மேட்டூரில் ஈரப் புடவையோடு கரையேறி அம்மா "காவேரி" என்று கூப்பிட்டால், நாலைந்து பெண்களோடு மீசை நரைத்த ஒரு தாத்தாவும் திரும்பிப் பார்ப்பார்.