85 பந்து ஆனதும் என் மகனை நிறுத்திவிட்டார்கள். இந்த விதி தேவைதானா?

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: மகனுக்கு 11 வயது, லிட்டில் லீக் என்ற சிறுவர் பேஸ்பால் அமைப்பில் பிட்ச்சர், அதாவது பேட்டருக்குப் பந்து எறிபவன். அன்று அருமையாகப் போட்டுக்கொண்டிருந்தவனை 85 பந்து ஆனதும் மேனேஜர் மாற்றிவிட்டார். அடுத்து வந்த பையன் ரன் கொடுத்ததில் ஆட்டம் போய்விட்டது. இப்படி ஒரு விதி அவசியமா, வார இறுதியில் டிராவல் டீமிலும் (ஊர் ஊராகப் போய் ஆடும் தனி அணி) சேர்த்துவிட்டால் கை பழகுமா என்று இரண்டு கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதில், அவசியம். இரண்டாவது கேள்வியைப் படித்த பிறகுதான் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நான் டாக்டர் இல்லை, கோச்சும் இல்லை. நியூஜெர்சியில் இருக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பேஸ்பால் என்றால் என்னவென்று முப்பத்தைந்து வயதில்தான் தெரிந்துகொண்டேன். மகன் விளையாடப் போனான், ஸ்கோர் எழுத ஆள் கேட்டார்கள், யாரும் கை தூக்கவில்லை, நான் தூக்கினேன். ஐந்து சீசன் ஸ்கோர் புக்கும் கையில் பந்தை எண்ணும் கிளிக்கருமாக டக்அவுட் (ஆட்டக்காரர்கள் உட்காரும் இடம்) பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன். தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். ஆனால் "நீ விளையாடியிருக்கிறாயா" என்று மட்டும் கேட்காதீர்கள். அதை நிறைய பேர் கேட்டாகிவிட்டது.

லிட்டில் லீக்கில் பந்துகளை எண்ணும் வழக்கம் 2007-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் இன்னிங்ஸ் கணக்கு, வாரத்துக்கு இத்தனை இன்னிங்ஸ்தான் என்று. அதில் என்ன கோளாறு என்றால், ஒரு இன்னிங்ஸ், அதாவது எதிரணியில் மூன்று பேர் அவுட் ஆகும்வரை, ஆறு பந்திலும் முடியும், நாற்பது பந்துக்கும் இழுக்கும். புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான், பையனின் முழங்கைக்கு ஒன்றில்லை. இப்போது 7, 8 வயதுக்கு ஒரு நாளில் 50 பந்து, 9, 10 வயதுக்கு 75, 11, 12 வயதுக்கு 85, 13 முதல் 16 வரை 95. நடுவில் ஒரு பேட்டர் நிற்கும்போது வரம்பு வந்தால் அவரை மட்டும் முடித்துக்கொள்ளலாம். 66-ஓ அதற்கு மேலோ போட்டால் நான்கு நாள் ஓய்வு, 51-லிருந்து 65 வரை மூன்று நாள், அப்படியே இறங்கி 20 வரைக்கும் ஓய்வு தேவையில்லை. 41 பந்தோ அதற்கு மேலோ போட்டவன் அன்றைக்குக் கேட்ச்சராகவும் (பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவன்) உட்காரக்கூடாது, ஏனென்றால் கேட்ச்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான்.

உங்கள் மேனேஜர் செய்தது இதைத்தான். அவர் மேல் கோபப்படாதீர்கள். அந்த இடத்தில் நின்று ஒரு பையனை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒரு தடவை அந்த எண்ணைச் சொன்னது நான்.

ப்ளே ஆஃப் ஆட்டம். எங்கள் அணிதான், ஆனால் அன்று பிட்ச்சர் என் மகன் இல்லை, எங்கள் தெருவிலேயே இருக்கும் இன்னொரு பையன். ஐந்தாவது இன்னிங்ஸில் ஒரு பேட்டர் முடிந்ததும் என் கிளிக்கரில் 85. எழுந்து அம்பயரிடம் சொன்னேன். எங்கள் மேனேஜருக்கு முகம் மாறிவிட்டது. எதிரணி ஸ்கோரர் 81 என்கிறார், இன்னும் நான்கு பந்து இருக்கிறது என்று வாதம். வித்தியாசம் எங்கே வந்தது என்றால், மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் மேனேஜரே ஒரு பெரிய பேட்டரை அடிக்க வாய்ப்பே கொடுக்காமல், வேண்டுமென்றே முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேரும் முதல் இடத்துக்கு, நடக்கவிட்டார். பந்தே போடாமல், கையைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். விதிப்படி அப்படி அனுப்பினால் நான்கு பந்து கணக்கில் சேரும். எதிரணிக்காரர் சேர்க்கவில்லை, நான் சேர்த்திருந்தேன். விதியில் அது இருக்கிற இடத்தைக் காட்டினேன். அம்பயர் படித்துப் பார்த்து, பையனை மாற்றச் சொன்னார். ஒரு ரன்னில் தோற்றோம்.

அந்தப் பையன் டக்அவுட்டில் அழுதான். பார்க்கிங்கில் அவன் அம்மா என்னைப் பார்க்காமல் காரில் ஏறினார். இன்னும் அந்த வீட்டோடு பேச்சு சரியாகவில்லை. ஆனாலும் அன்று நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

எனக்கு வலித்தது வேறு ஒன்று. நான் 85 என்றதும் மேனேஜர் என்னிடம் கிளிக்கரைக் காட்டச் சொல்லவில்லை. பக்கத்தில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பையனின் அப்பாவிடம் திரும்பி, நீங்கள் எண்ணினீர்களா என்று கேட்டார். அவர் ஒரு பந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு அம்மா எண்ணியதை நம்பாதது இந்த ஊர்க்காரர்களின் குணம் என்று நினைத்தேன். நம் ஆட்களும் அப்படித்தான். எங்கள் பகுதித் தமிழ் அமைப்பு வருடா வருடம் விளையாட்டு விழா நடத்துகிறது. ஆண்களுக்குக் கிரிக்கெட், வாலிபால். பெண்களுக்குக் கோலப் போட்டியும் கரண்டியில் எலுமிச்சம்பழமும். கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுத வருகிறேன் என்று இரண்டு வருடம் கேட்டேன். இரண்டு வருடமும் "அக்கா, நீங்க சாப்பாட்டுப் பந்தியைப் பாத்துக்கோங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இதை எழுத எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

அடுத்தவர் பிள்ளைக்கு நான்கு பந்து விட்டுக்கொடுக்காத நான், என் பிள்ளை விஷயத்தில் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அடுத்த வருடம் மே மாதம். அவனுக்கு அப்போது 11 முடிந்திருந்தது. லீக் அணியிலும் டிராவல் டீமிலும் இருந்தான். வியாழக்கிழமை லீக் ஆட்டத்தில் 64 பந்து. நான்தான் எழுதினேன், ஓய்வு நாள் மூன்று என்று பக்கத்தில் குறித்தும் வைத்தேன். சனிக்கிழமை டிராவல் டீமுக்குப் போட்டி. லீக்கின் ஓய்வுக் கணக்கு அங்கே யாரையும் கட்டுப்படுத்தாது, அந்த அணி வேறு அமைப்பின் கீழே ஆடுகிறது. கோச் என்னைப் பார்த்து, பையன் கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டார். நல்லா இருக்கு என்றேன். வியாழக்கிழமை போட்டான் என்று சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார், நாங்கள் கட்டிய பணம், இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தது, எல்லாம் மனதில் ஓடியது. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் 48 பந்து. மதியம் இன்னொரு ஆட்டத்தில் 39. ஒரே நாளில் இரண்டு ஆட்டம் பிட்ச் செய்வது லீக்கில் இந்த வயதுக்கு நடக்காத காரியம். அங்கே நடந்தது. பழக்கத்தில் நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், ஆனால் கூட்டவில்லை. வியாழன் ஒரு நோட்டு, சனி இன்னொரு நோட்டு.

செவ்வாய்க்கிழமை ராத்திரி தோசை வார்த்துப் போட்டேன். இடது கையால் பிய்த்துச் சாப்பிட்டான். "என்னடா இது புதுப் பழக்கம், சோத்துக் கையால சாப்பிடு" என்று அதட்டினேன். வலது கையைத் தட்டு வரைக்கும் கொண்டுவந்தான், மடக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. இரண்டு வாரமாக வலி இருந்திருக்கிறது. சொன்னால் ஆட விடமாட்டோம் என்று மறைத்திருக்கிறான்.

டாக்டர் இரண்டு முழங்கையையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்க. பிள்ளைகளின் எலும்பு முனைகளில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்தெலும்புப் பகுதி இருக்கும், வளர்ந்து முடியும்வரை அது இறுகாது. பந்தை வேகமாக எறியும் ஒவ்வொரு தடவையும் முழங்கையின் உள்பக்கம் இழுபடுகிறது. பெரியவர்களுக்கு அந்த இழுவை தசைநாரைப் போய்த் தாக்கும். பிள்ளைகளுக்குத் தசைநாரைவிட இந்தத் தட்டு பலவீனமானது என்பதால் முதலில் விட்டுக்கொடுப்பது அதுதான். இதற்கு 'லிட்டில் லீக் எல்போ' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் மகனின் வலது கைப் படத்தில் அந்த இடைவெளி அகன்று தெரிந்தது. எனக்கே தெரிந்தது.

டாக்டர் கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன். கடந்த பத்து நாளில், எல்லா அணிக்கும் சேர்த்து, மொத்தம் எத்தனை பந்து? இரண்டு நோட்டும் என் கைப்பையில் இருந்தன. அவர் முன்னால் உட்கார்ந்துதான் முதல் தடவையாகக் கூட்டினேன். வியாழன் முதல் சனி வரை மட்டும் 151.

ஆறு வாரம் எதையும் எறியக்கூடாது, நாய்க்குப் பந்துகூட எறியக்கூடாது என்றார். பிறகு பிசியோதெரபி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, பத்தடி தூரத்திலிருந்து. அந்த வருடம் ஆல் ஸ்டார் அணியில், அதாவது லீக்கின் சிறந்த பையன்களைச் சேர்த்த அணியில், அவன் பெயர் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான். ஆபரேஷன் அளவுக்குப் போகவில்லை என்பது எங்கள் நல்ல நேரம்.

இதை அண்ணனிடம் போனில் சொன்னபோது, "ஏட்டி, நாங்க எல்லாம் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பந்து போட்டோம், எவன் கை போச்சு?" என்றான். உங்களிடமும் யாராவது இதைச் சொல்வார்கள். கிரிக்கெட்டில் கையை நீட்டிச் சுழற்றிப் போடுகிறோம். பேஸ்பால் பிட்ச்சர் முழங்கையை மடக்கி, சாட்டை மாதிரி விசிறுகிறான். தேய்கிற இடமே வேறு. கிரிக்கெட்டிலும் வேகப்பந்து போடுகிற பையன்களுக்கு முதுகு எலும்பில் விரிசல் வருகிறது, ஓவர் வரம்பு வைத்திருக்கிறார்கள். அண்ணன் போட்டது டென்னிஸ் பந்து, அதுவும் விளையாட்டுக்கு.

ஜப்பான் பையன்களைப் பாருங்கள் என்றும் ஒருவர் கட்டாயம் வந்து எழுதுவார். 2018-ல் அங்கே கோஷியன் பள்ளிப் போட்டித் தொடர் முழுவதும் சேர்த்து ஒரு மாணவன் 881 பந்து போட்டது உண்மை. அதே ஜப்பானில் 2020 முதல் பள்ளி பிட்ச்சர்களுக்கு ஒரு வாரத்துக்கு 500 பந்து என்று வரம்பு போட்டுவிட்டார்கள் என்பதும் உண்மை. அதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

டிராவல் டீம் எல்லாமே மோசம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பந்தை எண்ணி, ஓய்வு கொடுத்து, மற்ற அணியில் எப்போது போட்டான் என்று கேட்டு எழுதி வைக்கிற கோச்சுகளைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கோச்சும் கேட்டார், பதில் சொல்லாதது நான். சிக்கல் என்னவென்றால், லீக்கின் புத்தகத்தில் லீக் ஆட்டம் மட்டும் இருக்கும், அந்த அணியின் புத்தகத்தில் அந்த ஆட்டம் மட்டும் இருக்கும். குளிர்காலத்தில் உள்ளரங்க வலைக்கூண்டில் தனி கோச்சிடம் போடும் பந்து எந்தப் புத்தகத்திலும் இருக்காது. இன்னிங்ஸ் முன்னால் போடும் வார்ம் அப் பந்தும் கணக்கில் வராது. எல்லாவற்றையும் பார்க்கிற ஆள் வீட்டில்தான் இருக்க முடியும்.

டாக்டர் எனக்குக் காட்டியது பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல். தொழில்முறை லீக்கான மேஜர் லீக் பேஸ்பாலும், நாட்டின் பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-ல் வெளியிட்டது. 9 முதல் 12 வயது வரை, எல்லா அணியும் சேர்த்து 12 மாதத்தில் 80 இன்னிங்ஸுக்கு மேல் வேண்டாம் என்கிறது. வருடத்தில் நான்கு மாதம் பிட்சிங்கே வேண்டாம், அதில் இரண்டு மூன்று மாதமாவது தொடர்ச்சியாகக் கையைத் தலைக்கு மேல் தூக்கி எறியவே வேண்டாம் என்கிறது. அலபாமாவின் பர்மிங்காமில் இருக்கும் ஆய்வு மையத்தினர் 9 முதல் 14 வயது பிட்ச்சர்கள் 481 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மூன்றரை மடங்கு. நாங்கள் அந்த வருடம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரம் இரண்டு நாள் உள்ளரங்கப் பயிற்சிக்கு அனுப்பினோம். ஓய்வெடுக்க வேண்டிய மாதங்கள் அவை. பணம் கட்டி அந்த ஓய்வைக் கெடுத்தோம்.

இன்னொன்று, 85 என்பது உச்ச வரம்பு. அதுவரை போட்டே ஆகவேண்டும் என்று இல்லை. 55-வது பந்திலேயே முழங்கை தாழ்ந்து, பந்து மேலே மேலே போனால், பேட்டருக்குப் பேட்டர் நேரம் எடுத்துத் தோளை உருட்டிக்கொண்டால், அன்றைக்கு அவ்வளவுதான். என் மகன் அந்தச் சனிக்கிழமை மதியம் முழுக்கத் தோளை உருட்டினான். வெயில் என்று நினைத்தேன்.

இப்போது அவனுக்கு 14. அதிகம் முதல் பேஸில் நின்று ஃபீல்டிங் செய்கிறான், மாதத்தில் இரண்டு மூன்று தடவை பிட்ச் செய்கிறான். டிராவல் டீமை விட்டுவிட்டோம். வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காலண்டர் தொங்குகிறது. எந்த அணி, எங்கே என்று பார்க்காமல், வேகமாகப் போட்ட பந்து எல்லாம் அதில் எழுதப்படும். பயிற்சியில் போட்டதும் சேர்த்து. எழுதுவது இப்போது அவனேதான்.

உங்கள் மகன் கடந்த ஏழு நாளில் எங்கெங்கே எத்தனை பந்து போட்டான் என்று எழுதுங்கள், பயிற்சியையும் விடாமல். டிராவல் டீமில் சேர்ப்பதைப் பற்றி அதைக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசலாம். அப்புறம், இன்று ராத்திரி எந்தக் கையால் சாப்பிடுகிறான் என்று கொஞ்சம் கவனியுங்கள்.