கடன்பொறியா, கட்டுக்கதையா? சீனக்குடா பற்றி எழுதும் ஒரு மாணவிக்கு

கேள்வி: "வணக்கம் சேர். நான் அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன். வெளிவாரியாகக் கலைமாணிப் பட்டத்துக்கு அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். கடைசி வருட ஆய்வேட்டுக்குத் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்க் குதங்களை எடுத்திருக்கிறேன். பழைய புத்தகங்கள் போதாது, அண்மைக்கால ஆய்வுகளைக் காட்ட வேண்டும் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். தேடினால் ஒரு பகுதியினர் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை வைத்துச் சீனாவின் கடன்பொறி என்கிறார்கள், மற்றப் பகுதியினர் அது கட்டுக்கதை என்கிறார்கள். இரண்டு பக்கமும் பேராசிரியர்கள்தான். எதை நம்பி எழுதுவது? பல கட்டுரைகளைத் திறக்கவே 40 டொலர் கேட்கிறது. குதங்கள் பற்றிய ஒப்பந்தங்களை எங்கே எடுப்பது என்றும் தெரியவில்லை."

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், தங்கச்சி. 40 டொலரை யாருக்கும் கட்ட வேண்டாம். கட்டுரைத் தலைப்பைக் கூகுள் ஸ்கொலரில் போட்டுப் பாருங்கள். ஒரே கட்டுரைக்குப் பல பதிப்புகள் காட்டும். ஆசிரியர் தன் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றிவைத்த பிரதி அதற்குள் பெரும்பாலும் இலவசமாகக் கிடக்கும். கிடைக்காவிட்டால் ஆசிரியருக்கே நாலு வரியில் மின்னஞ்சல் போடுங்கள். நான் கேட்டு அனுப்பாதவர்கள் மிகக் குறைவு. தங்கள் கட்டுரையைத் திருகோணமலையில் ஒருவர் வாசிக்கக் கேட்கிறார் என்பதே அவர்களுக்குப் புழுகம். இன்னொன்று: 'ஒரு கிழமையில் பிரசுரிக்கிறோம், கட்டணம் அனுப்புங்கள்' என்று சில ஆய்விதழ்களிடமிருந்து உங்களுக்குக் கடிதம் வரத் தொடங்கும். அவற்றில் எழுதவும் வேண்டாம், அவற்றில் வந்ததை மேற்கோள் காட்டவும் வேண்டாம்.

இனி, யாரை நம்புவது? நான் எழுதியவரின் பட்டத்தைப் பார்ப்பதில்லை. எழுதும்போது அவருடைய மேசையில் என்ன கிடந்தது என்று பார்ப்பேன். பத்திரிகைத் துண்டா, மத்திய வங்கியின் அட்டவணையா, ஒப்பந்தப் பிரதியா?

'கடன்பொறி ராஜதந்திரம்', அதாவது கட்ட முடியாத கடனைக் கொடுத்துப் பிறகு அந்த நாட்டின் சொத்தை வளைத்துப் போடுவது, என்ற தொடரை 2017 தொடக்கத்தில் ஒரு கருத்துக் கட்டுரை மூலம் பரப்பியவர் டில்லியைச் சேர்ந்த ஆய்வாளர் பிரம்மா செல்லானி. 2018 ஒக்டோபரில் அமெரிக்கத் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் இலங்கையை உதாரணம் காட்டி அதையே மேடையில் பேசினார். அதன் பிறகு அது எல்லோர் வாயிலும் புகுந்தது. உங்கள் கையில் இருக்கும் கட்டுரைகளில் ஒன்றை எடுத்து, அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்ப் பாருங்கள். ஒருவர் இன்னொருவரைக் காட்டுவார், அவர் மற்றவரைக் காட்டுவார், கடைசியில் ஒரு பத்திரிகைச் செய்தியில் போய் முட்டி நிற்கும். அப்படி நின்றால் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

அம்பாந்தோட்டையில் உண்மையில் நடந்ததைக் கணக்காகச் சொல்கிறேன். துறைமுகத்துக்கான யோசனை சீனாவில் பிறந்ததல்ல. கனடிய நிறுவனமும் பிறகு டென்மார்க் நிறுவனமும் சாத்தியக்கூற்று அறிக்கை எழுதியிருந்தன. முதற்கட்டத்துக்குச் சீனாவின் அரச ஏற்றுமதி-இறக்குமதி வங்கியான எக்சிம் வங்கி 30 கோடி 70 இலட்சம் டொலர் கடன் கொடுத்தது. துறைமுகம் நட்டத்தில் ஓடியது. 2017 ஜூலை 29 அன்று சீனாவின் சைனா மேர்ச்சன்ட்ஸ் நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகை, பெறுமதி 112 கோடி டொலர். அந்தக் காசு அந்தக் கடனை அடைக்கப் போகவில்லை. கடன் ஒரு சதமும் தள்ளுபடியாகவில்லை. காசு நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்புக்குப் போனது, எக்சிம் வங்கியின் கடன் அப்படியே அரசின் தலையில் நின்றது. 'கடனுக்குத் துறைமுகத்தைப் பறித்தார்கள்' என்ற வசனம் பிழைப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்கப் பேராசிரியர் டெபோரா பிரௌட்டிகம், நம்மூர்ப் பொருளியலாளர் உமேஷ் மொரமுதலி, 2020 இல் லண்டன் ஆய்வு நிறுவனமான சத்தம் ஹவுஸுக்கு (Chatham House) அறிக்கை எழுதிய லீ ஜோன்ஸ், ஷாஹர் ஹமெய்ரி எல்லோரும் வேறு வேறு வழியால் வந்து இதைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் இதை வாசித்தவுடன் 'அப்ப சீனாவில் பிழையே இல்லை' என்று எழுதிவிட வேண்டாம். பொறி இல்லை என்றால் குத்தகை நல்லது என்று ஆகிவிடாது. அது வேறு கேள்வி, அதற்கு வேறு ஆதாரம் வேண்டும்.

இன்னொரு இடத்திலும் மாணவர்கள் வழுக்குவார்கள். இலங்கையின் வெளிநாட்டுக் கடனில் சீனாவின் பங்கு 10 வீதம் என்று ஒரு கட்டுரை சொல்லும், கிட்டத்தட்ட 20 வீதம் என்று இன்னொன்று சொல்லும். இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று நினைப்பீர்கள். இல்லை. வெளிநாட்டு வளங்கள் திணைக்களம் 2021 ஏப்ரல் நிலவரப்படி வெளியிட்ட வரைபடத்தில் சீனா 10 வீதம், சந்தைக் கடன்கள் 47 வீதம். ஆனால் சீன அபிவிருத்தி வங்கி கொடுத்த கடன்கள் அந்த 47 க்குள் ஒளிந்திருந்தன. துறைமுக அதிகாரசபை, மின்சார சபை போன்ற அரச நிறுவனங்களின் பெயரில் இருந்த கடன்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. மொரமுதலியும் திலின பண்டுவாவலவும் 2022 இல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது 2021 முடிவில் 740 கோடி டொலர், அதாவது 19.6 வீதம் வந்தது. அந்த ஆய்வும் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு வீதத்தைக் கண்டால் 'எதில் வீதம்?' என்று கேட்டு, விடையை அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் ஆய்வேட்டில் இந்த ஒரு பழக்கம் தெரிந்தாலே பரீட்சகர் நிமிர்ந்து உட்காருவார்.

என் ரசனைக்கு, இந்தத் துறையில் 2021 இல் வந்த மிகப் பிரயோசனமான வேலை, சீன அரச வங்கிகள் 24 நாடுகளோடு செய்த 100 கடன் ஒப்பந்தங்களை எடுத்து வைத்து வரி வரியாக வாசித்த ஆய்வு. சட்டத்தரணிகளும் பொருளியலாளர்களும் ஒன்றாக இருந்து செய்தது. நோக்கம் பற்றி ஊகிக்காமல், இரகசியம் காக்க வேண்டும் என்ற நிபந்தனை எந்த ஒப்பந்தத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று காட்டுகிறது. சீனக்குடாவுக்கு நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான், சின்ன அளவில்.

போன கிழமை உட்துறைமுக வீதியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தேன். பக்கத்து வாங்கிலில் ஒருவர் சொன்னார்: "சீனக்குடாவ இந்தியாக்காரனுக்கு 99 வருசத்துக்கு எழுதிக் குடுத்தாச்சு அண்ணை." எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு யோசிக்கவும் வைத்தது. 99 என்பது குதங்களின் எண்ணிக்கை. 99 வருடம் அம்பாந்தோட்டையின் குத்தகை. இரண்டும் கலந்து ஒரு புதுச் 'செய்தி' பிறந்திருக்கிறது. 2022 ஜனவரி ஏற்பாட்டின்படி 99 குதங்களில் 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐ.ஓ.சி. இடம், 24 இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த புதிய நிறுவனத்திடம். அந்த நிறுவனத்தின் பெயர் ட்ரிங்கோ பெற்றோலியம் டேர்மினல், கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். குத்தகை 50 வருடம்.

இதற்கு வேர் 1987 ஜூலை 29. (அம்பாந்தோட்டைக் கையெழுத்துக்குச் சரியாக 30 வருடம் முந்திய அதே திகதி, தற்செயல்தான்.) இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் கொடுக்கப்படாது என்றும், குதங்களைத் திருத்தி இயக்குவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக இருக்கும் என்றும் இருக்கிறது. 'கூட்டு முயற்சி' என்ற சொல்லைக் கவனியுங்கள். 2003 இல் ஐ.ஓ.சி.க்கு 35 வருடக் குத்தகை என்று உடன்பட்ட ஏற்பாட்டையும், 2022 இன் 51க்கு 49 ஐயும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் அத்தியாயம் தானாக வரும். கடிதங்களின் மூலத்தை வாசியுங்கள். அது பற்றிய வியாக்கியானங்களைப் பிறகு பார்க்கலாம். அமைச்சரவைத் தீர்மானங்களை அரசாங்கத் தகவல் திணைக்களம் தமிழிலும் வெளியிடுகிறது. பாராளுமன்ற விவாதங்களின் பதிவான ஹன்சார்டையும் விட வேண்டாம்.

ஒப்பந்தப் பிரதிக்கு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஐ.ஓ.சி. தனியார் கம்பனி, அங்கே போனால் கதவு திறக்காது. ஆனால் அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதத்துக்குக் குறையாமல் பங்கு வைத்திருக்கும் கம்பனியும் அந்தச் சட்டத்தின்படி பகிரங்க அதிகாரசபைதான். 51 வீதம் கூட்டுத்தாபனத்திடம் இருக்கும் கூட்டு நிறுவனம் அதற்குள் வருகிறது. எனவே ஒரு விண்ணப்பம் அங்கே, ஒன்று கூட்டுத்தாபனத்துக்கு, ஒன்று எரிசக்தி அமைச்சுக்கு.

தமிழிலேயே எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை; 'நான் ஒரு ஏழை மாணவி' என்று உருகவும் வேண்டாம். 'குதங்கள் பற்றிய எல்லா விபரமும் தரவும்' என்று எழுதினால் ஒன்றும் வராது. 'குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி', 'வருடாந்த வாடகைத் தொகை', 'இன்றுவரை திருத்தி முடித்த குதங்களின் இலக்கங்கள்' என்று தனித்தனியாக இலக்கமிட்டுக் கேளுங்கள். ஒன்றை மறுத்தால் மற்றது தப்பும். வர்த்தக இரகசியம், தேசிய பாதுகாப்பு என்று 5 ஆம் பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். அதே பிரிவில் பொதுநலன் பெரிதென்றால் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மறைக்க வேண்டிய பகுதியை மறைத்து மிச்சத்தைக் கொடுக்க 6 ஆம் பிரிவு இடம் தருகிறது. அதையும் விண்ணப்பத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிடுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அதுவும் சரிவராவிட்டால் 2 மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. ஆய்வேடு ஒப்படைக்கும் திகதியை எண்ணிப் பார்த்து, வாசிப்புத் தொடங்கும் கிழமையிலேயே பதிவுத் தபாலில் போடுங்கள். மறுப்புக் கடிதம் வந்தாலும் எறிய வேண்டாம், அதுவும் ஆதாரம்.

சட்டம் பற்றிய அத்தியாயத்துக்கு ஒரு வழக்கு சொல்கிறேன். வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் படிக்கும் உலகத்து மாணவர்கள் எல்லோரும் வாசிக்கும் தீர்ப்பு அது. மட்டக்களப்பு மாவட்டத்துக் கொக்கட்டிச்சோலையில் ஓர் இறால் பண்ணை. 1987 ஜனவரியில் படை நடவடிக்கையில் அழிந்தது. அதில் முதலிட்டிருந்த ஏஷியன் அக்ரிகல்ச்சரல் புரொடக்ட்ஸ் கம்பனி, பிரித்தானியாவும் இலங்கையும் 1980 இல் செய்த முதலீட்டு ஒப்பந்தத்தை வைத்து உலக வங்கியின் நடுவர் மன்றத்துக்குப் போய் 80 இலட்சம் டொலருக்கு மேல் கேட்டது. 1990 ஜூனில் 460,000 டொலரும் வட்டியும் தீர்ப்பானது. இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை வைத்து அந்த மன்றம் தீர்த்த முதல் வழக்கு இது. அன்று அந்தப் பண்ணையில் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் வழக்கில் கட்சிக்காரர் அல்ல. சர்வதேசச் சட்டம் யாருடைய நட்டத்தைக் கணக்கெடுக்கிறது என்று கேட்க வேறு நாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை, மட்டக்களப்புக்குப் பஸ் இருக்கிறது.

அதே கேள்வியோடு உங்கள் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூருக்கும் ஒருமுறை போய் வாருங்கள். 2006 இல் சனம் இடம்பெயர்ந்தது, காணி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது, 500 மெகாவொட் நிலக்கரி மின்நிலையம் வருகிறது என்றார்கள், 2016 இல் கைவிட்டார்கள். 2025 ஏப்ரலில், அந்த நிலக்கரித் திட்டத்துக்கென்று அமைத்த அதே இந்திய-இலங்கைக் கூட்டு நிறுவனத்தின் 120 மெகாவொட் சூரிய மின்திட்டம் தொடங்கியது. கொழும்பிலும் லண்டனிலும் இருந்து எழுதுபவர்களின் மேசையில் இல்லாத ஒன்று உங்களுக்கு அங்கே கிடைக்கும்: காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் ஆட்கள். பத்திரத்தின் திகதியைக் குறியுங்கள். ஆளின் பெயரை எழுத வேண்டாம். குறிப்புப் புத்தகத்திலும் எழுத்தும் இலக்கமும் போதும். படம் எடுக்க முதல் கேளுங்கள், அவர்கள் 'வேண்டாம்' என்றால் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடியுங்கள்.