துருவத்து நீராவி சோறு போடுமா?

பெரம்பூர் அம்மாவுக்கு,

"என் மகள் செயற்கைக்கோளை வைத்துத் துருவத்தில் நீராவி அளக்கப் போகிறாளாம், இது சோறு போடுமா? குளிரில் போய் உறைந்துவிடுவாளா?" என்று கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். பெரும்பாலும் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை.

பனிக்காட்டில் ஏது நீராவி என்றும் சிரித்தீர்கள். மழைக்காலச் சென்னையில் தலைக்கு மேலே இருக்கும் நீராவி முழுவதையும் தண்ணீராக்கித் தரையில் விட்டால் 50 மில்லிமீட்டருக்கு மேல் நிற்கும். குளிர்காலத் துருவத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தேறினால் பெரிது. சூரியன் மாதக்கணக்கில் தலைகாட்டாது என்பதால் வெயிலை நம்பும் கருவிகள் உதவாது. அகச்சிவப்பை மேகம் மறைத்துவிடும். மிச்சம், மேகத்தைத் தாண்டி வரும் நுண்ணலைதான் (மைக்ரோவேவ்). அதிலும் ஒரு சிக்கல்: கடல்மேல் உறைந்த பனியும் நுண்ணலையை உமிழும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். இதற்கு ஒரு வழி உண்டு. 183 கிகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில் நீராவி நுண்ணலையை நன்றாக உறிஞ்சும். அதை ஒட்டியும் தள்ளியும் மூன்று அலைவரிசைகளில் அளந்து, அந்த அளவுகளுக்கு இடையிலான ஒரு வித்தியாசத்தை இன்னொரு வித்தியாசத்தால் வகுத்தால் பனியின் பங்கு பெரும்பாலும் அடிபட்டுப்போகும். நம் ஊர்க் காற்றில் இது நடக்காது. இத்தனை ஈரத்தைத் தாண்டி அந்த அலைகள் தரையைப் பார்க்கவே முடியாது.

சரி, வேலைக்கு வருவோம். 2011-இல் இந்தியாவும் பிரான்சும் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் செயற்கைக்கோளிலும் இதே 183 கிகாஹெர்ட்ஸ் கருவி இருந்தது. அது பார்த்தது வெப்பமண்டலத்தை; தரைவரை அல்ல, மேலே காற்றடுக்குகளில் உள்ள ஈரத்தை. ஆக, துருவத்துக்காகக் கற்றது பருவமழைக்கும் உதவும். அதே ராக்கெட்டில் காட்டாங்குளத்தூர் மாணவர்கள் செய்த எஸ்ஆர்எம்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோளும் போனது. அதன் வேலையும் நீராவி, கரியமில வாயு பற்றியதுதான்.

பெயர் கவர்ச்சியாக இருக்கிறதென்று புதுப் படிப்பு எதிலும் சேர்த்துவிடாதீர்கள். இயற்பியல் பி.எஸ்சி. போதும், அப்புறம் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி. போகலாம். பொறியியல்தான் வேண்டுமென்றால் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் (செயற்கைக்கோள் படங்களையும் வரைபடத் தரவுகளையும் கையாளும் படிப்பு) இருக்கிறது. கோவாவில் துருவ ஆய்வு மையம், புனேயில் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம், இஸ்ரோ என்று போக இடங்கள் உண்டு. ஆனால் பணியிடங்கள் குறைவு, பிஎச்.டி. முடிய 27, 28 வயதாகிவிடும். இதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

இந்த லீவில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் நிரல்மொழியைக் கற்றுக்கொண்டு, இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் தரவு ஒன்றை வரைபடமாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது அதையும் அவளையும் கூட்டி வாருங்கள்.