ஆசிட் வாங்கப் போனால் ஆதார் ஜெராக்ஸ் கேட்கிறார்கள், சட்டத்தில் அப்படி இருக்கிறதா?

கேள்வி: இன்வெர்ட்டர் பேட்டரியில் ஊற்றவும் குளியலறைக் கறையை எடுக்கவும் கொஞ்சம் ஆசிட் வாங்கப் போனேன். ஆதார் ஜெராக்ஸ் இல்லாமல் தர முடியாது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆசிட் விற்க நிஜமாகவே தடை இருக்கிறதா?

தடை என்று இல்லை, நிபந்தனைகள் உண்டு. அடையாள அட்டையை அவர் கேட்டது சரி. ஜெராக்ஸ் அவராகச் சேர்த்துக்கொண்டது.

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் என் மாமா ஒரு கடை வைத்திருந்தார். பெயின்ட், கயிறு, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தி, கூடவே ஆசிட். ரப்பர் பாலை உறைய வைத்து ஷீட் அடிக்க ஃபார்மிக் ஆசிட் வேண்டும். அதனால் எங்கள் ஊரில் அது உப்பு, புளி மாதிரி அன்றாடச் சரக்கு. படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நான்கு வருடம் அந்தக் கடையில் நின்றேன். எனக்குத் தெரிந்தது அங்கே படித்ததுதான்.

தில்லியில் 2005இல் 15 வயதுப் பெண் ஒருத்தியின் முகத்தில் ஆசிட் வீசினார்கள். லட்சுமி என்ற அந்தப் பெண் அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2013 ஜூலை 18 அன்று வந்த உத்தரவுதான் உங்களைக் கடையிலிருந்து திருப்பி அனுப்பியது. விற்பவர் பதிவேடு வைக்க வேண்டும்; வாங்குபவர் யார், எந்த முகவரி, எவ்வளவு சரக்கு என்று அதில் எழுத வேண்டும். முகவரி உள்ள, அரசு கொடுத்த புகைப்பட அடையாள அட்டையைக் காட்டி, எதற்கு வாங்குகிறோம் என்றும் சொன்னால்தான் விற்கலாம். 18 வயது ஆகாதவருக்குக் கிடையாது. கையிருப்பை 15 நாளுக்குள் சப் டிவிஷனல் மாஜிஸ்திரேட்டிடம், நம் ஊர் வழக்கில் சப் கலெக்டர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) அலுவலகத்தில், தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். மறைத்து வைத்த சரக்கைப் பறிமுதல் செய்யலாம்.

காட்ட வேண்டும் என்றுதான் உத்தரவு சொல்கிறது. ஆதார்தான் வேண்டும் என்றோ நகல் கொடுக்க வேண்டும் என்றோ அதில் இல்லை. வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ போதும். பிறகு கடைக்காரர்கள் ஏன் நகல் கேட்கிறார்கள்? பயம்தான். நாளைக்கு ஏதாவது நடந்து போலீஸ் வந்து நின்றால், கையால் எழுதிய பெயரைவிட ஜெராக்ஸ் தங்களைக் காப்பாற்றும் என்று நினைக்கிறார்கள். என் மாமாவும் அப்படித்தான் ஒரு ஃபைல் முழுக்கச் சேர்த்து வைத்திருந்தார். கடைசியில் பாதியைக் கரையான் தின்றது.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 1919ஆம் ஆண்டின் விஷச் சட்டம். எந்த விஷத்தை (ஆசிட்டும் அந்தக் கணக்கில் வரும்) யார் விற்கலாம், உரிமம் எப்படி என்று மாநிலங்கள் விதி போட அதுதான் இடம் தருகிறது. அதில் ஒரு பிரிவு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஒரு வட்டாரத்தில் கொலைக்கோ மாடுகளைக் கொல்லவோ ஒரு விஷம் அடிக்கடி பயன்படுகிறது என்று தெரிந்தால், அதை வைத்திருப்பதற்கே அரசு கட்டுப்பாடு போடலாம். அந்தக் காலத்துக் கவலை அது. மீறுபவருக்கு அந்தச் சட்டம் வைத்த தண்டனை, முதல் தடவை என்றால் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 500 ரூபாய் 1919இல் பெரிய பணம்தான். 2013இல் அதற்கு எந்த ஆசிட் வியாபாரி பயப்படுவார்? நீதிமன்றம் 50,000 என்று சொன்ன பிறகுதான் எங்கள் பக்கம் பதிவேடு என்ற ஒன்றே கடைகளில் முளைத்தது.

வீசுபவருக்கான தண்டனை வேறு கணக்கு. அதே 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 326ஏ என்ற பிரிவு சேர்ந்தது, அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 124ஆம் பிரிவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

பதிவேட்டால் பலன் உண்டா என்றால், எங்கள் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக "ஷீட் அடிக்க" என்றுதான் இருக்கும். அதை யாரும் வந்து புரட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. ஆனால் எதற்கு என்று கேட்கும் அந்த ஒரு நிமிடம் வேலை செய்தது. தோட்டமும் இல்லாமல், பட்டறையும் இல்லாமல், "சும்மா வேணும்" என்று ஒருவன் வந்தான். அட்டையைக் காட்டச் சொன்னதும் போன் வந்த மாதிரி வெளியே போனவன் திரும்பவே இல்லை. அவன் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

சண்டையும் வந்திருக்கிறது. பால்வெட்டுக்குப் போகும் ஒருவர் தன் 14 வயது மகனைக் குடிதண்ணீர் பாட்டிலோடு அனுப்பினார். நான் தரவில்லை. சாயங்காலம் அவரே வந்து, "எனக்க மவனையா நம்பல்ல? நீரு பாத்து வளந்த பயலுல்லா அவன்!" என்று சத்தம் போட்டார். நம்பிக்கை விஷயம் இல்லை அண்ணாச்சி, அந்த பாட்டிலைப் பார்த்துத்தான் பயந்தேன் என்றேன். தண்ணீர் மாதிரியே இருக்கும் ஆசிட், தண்ணீர் பாட்டிலில், அடுக்களைத் திண்டில்! வீசுகிறவனை விட இது எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆபத்து. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2022 டிசம்பரில் தில்லி துவாரகாவில் பள்ளி மாணவி ஒருத்தி மீது வீசப்பட்ட ஆசிட் இணையத்தில் வாங்கியது என்று போலீஸ் சொன்னது. மாமா மாதிரியானவர்களை மிரட்டுவதில் பாதியாவது அங்கேயும் காட்டியிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பேட்டரியில் நாளாவட்டத்தில் குறைவது தண்ணீர், ஆசிட் இல்லை. டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றுங்கள், அதற்கு எந்த அட்டையும் வேண்டாம். ஆசிட்டை ஊற்றினால் பேட்டரிதான் கெடும். குளியலறைக்குக் கடையில் சீல் வைத்து விற்கும் கிளீனர் போதும். அதோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அதற்கு மேலும் ஆசிட்தான் வேண்டும் என்றால் அட்டையைக் காட்டி, காரணத்தைச் சொல்லி, சீல் பிரிக்காத கேனாக வாங்குங்கள். ஜெராக்ஸ் இல்லாமல் ஆகவே ஆகாது என்று அவர் நின்றால், நகலின் குறுக்கே "ஆசிட் வாங்க மட்டும்" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள்.